சாந்தில் கப்பல் கட்டிய நெர்வி



மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் கப்பலூர் வரும். பேரில்தான் கப்பல். அந்த ஊரில் கடலும் கிடையாது, துறைமுகமும் கிடையாது, தொழிற்பேட்டைதான் இருக்கிறது. அங்கே ஒரு பட்டறையில் விடுமுறையில் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒரு மாதமும் லேத்தில் ஷாஃப்ட் கடைவதும், அதற்குப் புஷ் பொருத்துவதுமாகப் போச்சு.

மதுரைக்காரனுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்ம வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தை மாதம் மிதக்கிற தெப்பம்கூடக் கரையில் நின்று வடம் பிடித்து இழுத்தால்தான் நகரும். அதற்குச் சுக்கான் கிடையாது. ஆனாலும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதற்குத் தலைவராக இருந்தவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். ஆகவே கப்பலைப் பற்றி எழுத நமக்கும் உரிமை உண்டு!

நான் இங்கே எழுதப் போவது இத்தாலி நாட்டுப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி பற்றி. சிவில் பிரிவு நண்பர்களில் சிலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். பெரிய பெரிய விளையாட்டு அரங்கங்களைக் கட்டியவர். அவர் சிமெண்டுச் சாந்தில் கப்பலும் கட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. மெக்கானிக்கல் படிக்கிற நான் ஏன் அவரைப் பற்றி எழுத வேண்டும்? அதற்குக் காரணம் ஒரு தண்ணித்தொட்டி. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொட்டியும் நானும்

எங்க அப்பா கொத்தனார். அம்மா பல வருஷம் அவர்கூடவே சித்தாள் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான்.

நான் முதலாமாண்டு படிக்கும்போது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவுக்கு வட்டத்தொட்டி வேலை கிடைத்தது. செங்கல் இல்லாத தொட்டி. மெல்லிய கம்பியை வளைத்துக் கூண்டு மாதிரி கட்டி, அதன் மேல் கோழிவலையை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளேயும் வெளியேயும் சாந்து பூசினால் ஒரு அங்குலக் கனத்தில் சுவர் நிற்கும். இதற்கு ஃபெரோசிமெண்ட் என்று பெயர்.

அப்போதுதான் நான் எஞ்சினியரிங் டிராயிங் படிக்க ஆரம்பித்திருந்தேன். அந்தத் திமிரில் ஒரு தாளில் படம் போட்டு, தண்ணி வெளியேறும் குழாய் இந்த உயரத்தில் வரவேண்டும் என்று குறித்துக் கொடுத்தேன். பையன் படித்தவன் ஆச்சே என்று அப்பா மறு பேச்சுப் பேசவில்லை. பூச்சு முடிந்து காய்ந்த பிறகுதான் தெரிந்தது, குழாய் அரை அடி மேலே போயிருச்சு. தோட்டத்துக்காரருக்கு அது உதவாது. வேறு வழி இல்லாமல், காய்ந்த சுவரில் உளி வைத்து ஓட்டை போட்டு வேறு குழாயைச் செருகிச் சுற்றிலும் சிமெண்ட் அடைத்தோம். தண்ணி நிறைத்த மூன்றாம் நாள் குழாயைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டது. ஒழுக்கு நிற்கவே இல்லை.

அந்தப் பகுதியை இடித்து மறுபடி செய்ய ஒரு வாரம் ஆச்சு. ஒரு வாரக் கூலியும் போச்சு; சிமெண்டும் அப்பா கைக்காசில் வாங்கியது. அது என்னுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

சுவர் ஒழுகியது சரி, ஏன் சரியாகக் குழாய் இருக்கிற இடத்தில் ஒழுகியது? இந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. நம் கல்லூரி நூலகத்தில் ஃபெரோசிமெண்ட் பற்றித் தேடினேன். அங்கேதான் நெர்வி வந்து நின்றார்.

பிறப்பும் படிப்பும்

நெர்வி 1891-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள சோந்த்ரியோ என்ற ஊரில் பிறந்தார். பொலோனியா பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்து 1913-ல் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் கம்பி போட்ட கான்கிரீட் என்பதே புதிய சரக்கு. அவர் முதலில் வேலைக்குச் சேர்ந்ததும் கான்கிரீட் வேலை எடுத்துச் செய்கிற ஒரு கம்பெனியில்தான். முதல் உலகப்போரில் ராணுவத்தின் பொறியாளர் படையில் பணிபுரிந்தார். போர் முடிந்ததும் 1920-ல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து சொந்தமாகக் கட்டுமான நிறுவனம் தொடங்கினார். 1932-ல் அது நெர்வி - பார்த்தோலி என்ற நிறுவனமாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் ஆபீஸில் உட்கார்ந்து வரைபடம் மட்டும் போட்டவர் அல்லர். வரைந்தவரும் அவர், விலை சொல்லி டெண்டர் எடுத்தவரும் அவர், ஆள் வைத்துக் கட்டியவரும் அவர். ஒரு கோடு தப்பாகப் போட்டால் நஷ்டம் அவர் பையிலிருந்தே போகும். கோடு போடுகிறவன் ஒருத்தன், நஷ்டப்படுகிறவன் இன்னொருத்தன் என்ற நிலைமை அவரிடம் இல்லை. எங்கள் தொட்டி விஷயத்தில் இருந்தது அந்த நிலைமைதான்.

ஃபுளோரன்ஸ் நகரத்தின் விளையாட்டரங்கம்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. 1930-களின் தொடக்கத்தில் அது கட்டி முடிக்கப்பட்டது. பார்வையாளர் தலைக்கு மேலே முன்பக்கம் தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும் கூரையும், வெளியே சுருள் சுருளாக ஏறும் படிக்கட்டும் இன்றைக்கும் அதன் அடையாளங்கள். அலங்காரம் என்று தனியாக எதுவும் கிடையாது. பாரம் போகிற வழியே அழகாக இருக்கிறது.

இடிந்தும் பிரியாத மூட்டுகள்

அடுத்து வந்தது விமானக் கொட்டகை வேலை. 1935-ல் ஓர்வியேத்தோ என்ற ஊரில் இத்தாலிய விமானப் படைக்காக ஏறக்குறைய 100 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள கொட்டகை கட்ட வேண்டியிருந்தது. விமானம் நிற்கிற இடம் என்பதால் நடுவில் தூண் கூடாது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிலுக்குக் கயிறு பின்னுவது போல் வளைவான கான்கிரீட் விட்டங்களைப் பின்னி நெர்வி கூரை அமைத்தார். அன்றைக்கு இந்த மாதிரிக் கூரையைத் தாளில் முழுசாகக் கணக்குப் போட வழி இல்லை. அதனால் சிறிய மாதிரி ஒன்று செய்து, மிலான் நகரப் பொறியியல் கல்லூரியில் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்த்தார்கள்.

முதல் கொட்டகைகளுக்கு மரத்தால் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் ஊற்றினார்கள். பலகைச் செலவு தாங்கவில்லை. எனவே 1939-க்குப் பின் ஓர்வியேத்தோ, ஓர்பெத்தெல்லோ, தோர்ரே தெல் லாகோ ஆகிய ஊர்களில் கட்டிய கொட்டகைகளுக்கு வேறு முறையைக் கையாண்டார். விட்டங்களைச் சிறு சிறு துண்டுகளாகத் தரையிலேயே வார்த்து, மேலே தூக்கி வைத்து, துண்டுக்குத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை வெல்டிங் செய்து, இடைவெளியில் கான்கிரீட் அடைத்து மூட்டினார்.

துண்டு துண்டாகச் சேர்த்த கூரை எப்படி நிற்கும் என்ற சந்தேகத்துக்குப் போரே பதில் சொல்லிற்று. 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் அந்தக் கொட்டகைகளை வெடி வைத்துத் தகர்த்தன. தாங்கு கால்கள் போய், கூரை முழுசும் தரையில் விழுந்தது. பிறகு பார்த்தால், ஆயிரமாயிரம் மூட்டுகளில் பெரும்பாலானவை விட்டுக்கொடுக்காமல் அப்படியே இருந்தன!

ஆசையாகக் கட்டியது இடிந்து கிடக்கும்போது மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அந்த இடிபாட்டில் அவருக்கு ஒரு பாடமும் கிடைத்தது. ஒரு பொருளோடு இன்னொரு பொருள் சேருகிற இடத்தை ஒழுங்காகச் செய்துவிட்டால், சேர்த்தது ஒன்றாகவே இருக்கும்.

கோழிவலையும் சிமெண்டும்

போர்க்காலத்தில் இரும்புக்கும் மரத்துக்கும் பஞ்சம். அப்போது நெர்வி நூறு ஆண்டுப் பழைய யோசனை ஒன்றைக் கையில் எடுத்தார். பிரான்சு நாட்டில் ஷோசெஃப் லூயி லாம்போ என்பவர் 1848-லேயே கம்பியைப் பின்னிச் சாந்து பூசிச் சிறு படகுகள் செய்து தம் ஊர்ப் பக்கத்து ஏரியில் மிதக்க விட்டிருந்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அதைக் காட்டவும் செய்தார். அன்றைக்கு யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அவர் செய்த படகு ஒன்று இன்றும் பிரிஞோல் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சாதாரணக் கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். இது நாம் முதலாமாண்டிலேயே படித்ததுதான். தடிக் கம்பி நாலு போட்டால் கம்பி தாங்கும். ஆனால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் விரிசல் விழும். அதே எடை இரும்பை மெல்லிய வலையாக்கிச் சாந்து முழுக்கப் பரப்பிவிட்டால்? பெரிய விரிசல் ஒன்று விழ வேண்டிய இடத்தில் கண்ணுக்கே தெரியாத நுண்விரிசல்கள்தான் வரும், தண்ணி புகாது. நம்ம கிராமத்தில் மண்சுவருக்கு வைக்கோல் கலந்து மிதிப்பதும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். 1943-ஐ ஒட்டி இதை மிலானில் சோதித்து, ஃபெரோசிமெண்ட் என்று பெயரிட்டார் நெர்வி.

போர் நடக்கும்போதே இத்தாலியக் கடற்படைக்காகச் சில கலங்களை இந்த முறையில் தொடங்கி, நிலைமை மோசமானதால் பாதியில் விட வேண்டியதாயிற்று. போர் முடிந்த கையோடு சொந்த நிறுவனத்திலேயே கட்டிய கப்பல்தான் இரேனே. அவர் மனைவியின் பெயரும் அதுவே. இது 165 டன் கொண்ட, எஞ்சினும் பாயும் சேர்ந்த கப்பல். உடம்பின் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 36 மில்லிமீட்டர்! ஒன்றரை அங்குலம்கூட இல்லை. அதே அளவு மரக்கப்பலைவிட எடை 5 சதவீதம் குறைவு, அன்றைய விலைக்குச் செலவு 40 சதவீதம் குறைவு. அச்சுப்பலகை கிடையாது. வலையே அச்சு. ஒரு பக்கம் நின்று சாந்தை அழுத்தி மறுபக்கம் பிதுங்க வைத்து, இரு பக்கமும் கரணையால் தேய்த்தார்கள். அப்பாவின் தொட்டி வேலைதான். இவர்கள் தொட்டியைத் தண்ணிக்குள் வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கப்பல் இரண்டு பெரிய விபத்துகளில் சிக்கியும் மூழ்கவில்லை. அடிபட்ட இடத்தில் மறுபடி பூச்சு வேலை செய்ததோடு சரி. 1948-ல் தமக்கென்று ஏறக்குறைய 12 மீட்டர் நீளத்தில் நென்னேலே என்ற பாய்மரப் படகு செய்துகொண்டார். அதன் உடம்பு வெறும் 12 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் கனம்!

இதற்கு முன்னாலும் கான்கிரீட் கப்பல்கள் உண்டு. முதல் உலகப்போரில் இரும்புத் தட்டுப்பாடு வந்தபோது நார்வேயில் ஃபூக்னர் என்பவர் 1917-ல் நாம்சென்ஃபியோர்டு என்ற கப்பலைக் கடலில் விட்டார். 1918-ல் அமெரிக்காவில் ஃபெய்த் என்ற பெரிய கப்பல் வந்தது. 1919-ல் இறக்கிய செல்மா என்ற கப்பல் மறு ஆண்டே கரைத்தடுப்பில் மோதி உடைந்தது. கால்வெஸ்டன் துறைமுகத்தருகே அதன் உடம்பு இன்னமும் தண்ணிக்கு மேல் தெரிகிறது. அவையெல்லாம் தடித்த சுவர்க் கப்பல்கள். சொந்த எடையே அதிகம், அதனால் சரக்கு குறைவு. எடை கூடினால் திருப்பவும் நேரமாகும், திரும்ப ஆரம்பித்ததை நிறுத்தவும் நேரமாகும். நெர்வியின் மெல்லிய உடம்பு இந்தக் குறையைப் போக்கியது. ஆனால் உடம்பு மெலிந்ததும் வேறொரு சிக்கல் எழுந்தது. இனிமேல்தான் நம்ம மெக்கானிக்கல் வேலை.

சுக்கான் கணக்கு

கப்பலைத் திருப்புவது சுக்கான். தண்ணிக்குள் நிற்கிற பலகை, அதைத் தாங்கும் தண்டு, தண்டு நுழையும் குழாய், குழாய்க்குள் மேலும் கீழும் இரண்டு புஷ், மேலே திருப்புகிற டில்லர் கை. பழைய வீட்டுக் கதவு கீல் இல்லாமல் குடுமியில் சுற்றுகிற மாதிரிதான் இதுவும் சுற்றும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தேன். 10 மீட்டர் படகு, ஒரு மீட்டர் ஆழம் முங்குகிறது. சுக்கான் பலகை 0.5 சதுர மீட்டர். வேகம் 6 நாட், அதாவது விநாடிக்குச் சுமார் 3.1 மீட்டர். கடல்தண்ணியின் அடர்த்தி 1025. பாதி அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் × பரப்பு என்ற சூத்திரத்தில், கெழு 1 என்று வைத்தால் விசை சுமார் 2450 நியூட்டன். கிட்டத்தட்ட 250 கிலோ எடை பலகையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.

இந்த விசை தண்டின் மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி விழுந்தால் முறுக்கு சுமார் 367 நியூட்டன் மீட்டர். இரும்புக்கு அனுமதிக்கும் வெட்டுத்தகைவு 40 என்று எடுத்து, நாம் படித்த ஷாஃப்ட் சூத்திரத்தில் போட்டால் தண்டின் விட்டம் 36 மி.மீ. வருகிறது. அப்பாடா, முடிஞ்சது என்று பேனாவை மூடிவிடக் கூடாது! பலகை கீழே பிடிமானம் இல்லாமல் தொங்கினால் தண்டு வளையவும் பார்க்கும். விசை கீழ் புஷ்ஷுக்கு 40 செ.மீ. கீழே இருந்தால் வளைவு 980 நியூட்டன் மீட்டர். இரண்டையும் சேர்த்துச் சமமான முறுக்கு கண்டால் விட்டம் 51 மி.மீ. ஆகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. தண்டு 81 மி.மீ. வேண்டும். பலகைக்குக் கீழே ஒரு குடுமி வைத்துத் தாங்கினால் வளைவு பெரிதும் குறையும். பல மீன்பிடிப் படகுகளில் அப்படித்தான் இருக்கிறது. சுக்கானை 35 பாகைக்கு மேல் திருப்பினால் பலன் குறையும் என்பதால் அங்கே தடுப்புக் கட்டையும் வைக்கிறார்கள்.

தண்டு கிடக்கட்டும். அந்த விசை கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? இரண்டு புஷ்ஷுக்கும் நடுவே அரை மீட்டர் இருந்தால், கீழ் புஷ் படகின் உடம்பைத் தள்ளுகிற விசை 4400 நியூட்டன், அதாவது 450 கிலோ. மேல் புஷ் எதிர்ப்பக்கம் சுமார் 200 கிலோ தள்ளும். சுக்கானை இடம் வலம் திருப்பத் திருப்ப இந்த விசையும் இடம் வலமாக மாறி மாறி இடிக்கும். தாங்க வேண்டியது 36 மி.மீ. சாந்து!

மரப்படகு என்றால் போல்ட் போட்டுக்கொள்ளலாம். இரும்புக் கப்பல் என்றால் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். சாந்து உடம்பில் காய்ந்த பிறகு துளை போட்டால் வலை அறுந்து போகும். அறுந்த வலையைச் சுற்றி விரிசல், விரிசல் வழியே உப்புத்தண்ணி, உப்புத்தண்ணியால் துரு, துரு பிடித்த கம்பி உப்பிப் பூச்சையே தள்ளிவிடும்.

எனவே இந்தப் படகுகளில் சுக்கான் குழாயைப் பூசுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். குழாயைச் சுற்றி ஒரு தட்டும், தட்டிலிருந்து நாலு பக்கமும் நீளும் கம்பிக் கால்களும் வெல்டிங் செய்து, கூண்டின் கம்பியோடு கட்டி, வலையைத் தட்டின் மேல் கொண்டுவந்து மடித்து, அந்த இடத்தில் மட்டும் உடம்பைத் தடிமனாக்கிப் பூச வேண்டும். ஒரு புள்ளியில் இடிக்கிற 450 கிலோவை ஒரு பாய் அகலத்துக்குப் பரப்புவதுதான் இதன் நோக்கம். பித்தளை, வெண்கலம் போன்றவற்றை நேரடியாக வலையில் தொடும்படி வைக்கவும் கூடாது. உப்புத்தண்ணியில் இரண்டு உலோகம் சேர்ந்தால் பேட்டரி மாதிரி ஆகி இரும்பு அரித்துப் போகும்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இடித்த தொட்டியை அப்பா இரண்டாம் தடவை செய்தபோது, குழாயை எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போய், ஒரு வட்டத்தகட்டை ஒட்ட வைத்து, தகட்டில் காக்காக் கால் மாதிரி கம்பி வைத்து, வலையோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் பூசினார். அந்தத் தொட்டி இன்றைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுக்கான் குழாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் புத்தகத்தில் படித்ததை அப்பா எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்திருந்தார். முதல் தடவையும் அவர் போக்கில் விட்டிருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். நான்தான் படம் போட்டுக் கெடுத்தேன்.

கப்பலிலிருந்து கூரைக்கு

நெர்வி அதன்பின் கப்பல் தொழிலில் நிலைத்துவிடவில்லை. கப்பலில் கற்றதைக் கூரைக்குக் கொண்டுபோனார். 1948-49-ல் தூரின் நகரக் கண்காட்சி மண்டபத்துக்குச் சுமார் 4 செ.மீ. கனமுள்ள ஃபெரோசிமெண்ட் துண்டுகளை அலை அலையாகச் சேர்த்துப் பிரம்மாண்டமான கூரை போட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சிறிய அரங்கத்தின் குவிமாடம், தரையில் வார்த்த 1,620 துண்டுகளால் ஆனது. வெளியே 36 தூண்கள், கையை விரித்துக் கும்பம் ஏந்துகிற ஆட்கள் மாதிரி அதைத் தாங்கி நிற்கின்றன. பாரிஸ் யுனெஸ்கோ தலைமையகம், சான்பிரான்சிஸ்கோ தேவாலயம், 1971-ல் வத்திக்கானில் திறந்த போப்பாண்டவர் மண்டபம் ஆகியவற்றிலும் அவர் கை உண்டு. 1946 முதல் 1961 வரை ரோம் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். 1979 ஜனவரி 9-ஆம் நாள் ரோமில் தமது 87-ஆம் வயதில் காலமானார்.

அவர் விட்ட படகு வேலையை உலகம் விட்டுவிடவில்லை. 1960-களிலிருந்து நியூசிலாந்து, இங்கிலாந்து நாடுகளில் சொந்தமாக ஃபெரோசிமெண்ட் படகு செய்துகொண்டவர்கள் ஏராளம். சீனக் கிராமங்களில் சாமான் ஏற்றும் சம்பான் படகுகள் ஆயிரக்கணக்கில் இந்த முறையில் கட்டப்பட்டன. 1976-ல் பாங்காக்கில் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கென்றே ஒரு தகவல் மையம் ஏற்பட்டது. நம் தமிழ்நாட்டில் ஆரோவில்லில் தொட்டி, கூரைத் துண்டு என்று பலவும் ஃபெரோசிமெண்டில் செய்திருக்கிறார்கள். பெரிய யந்திரம் தேவையில்லை. கம்பி, வலை, சிமெண்ட், மணல், நல்ல கை இருந்தால் போதும். நல்ல கைக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன?

நாம் கற்க வேண்டியது

நண்பர்களே! நெர்வி பெரிய மேதை என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. சேருகிற இடத்தை முதலில் யோசி. கம்பியும் சாந்தும் சேருகிற இடம், தண்டும் உடம்பும் சேருகிற இடம், படம் போடுகிறவனும் பூசுகிறவனும் சேருகிற இடம். எல்லாம் காய்ந்து இறுகிய பிறகு உளி வைத்துச் சேர்க்கப் பார்த்தால் விரிசல்தான் மிஞ்சும்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்லூரியில் சேரும்போது படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கொத்தனார் என்று எழுதக் கூச்சப்பட்டு, கட்டட ஒப்பந்ததாரர் என்று எழுதினேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாததால் அவர் அதன் கீழே கைநாட்டு வைத்தார். இந்த வருஷம் உதவித்தொகைப் படிவத்தில் கொத்தனார் என்று தெளிவாக எழுதிவிட்டேன்.

இறுதியாண்டு புராஜெக்டாக நாங்கள் நாலு பேர் சேர்ந்து பத்தடி நீளத்தில் ஒரு ஃபெரோசிமெண்ட் படகு செய்ய அனுமதி வாங்கியிருக்கிறோம். சுக்கான் தண்டும் புஷ்ஷும் நாங்களே லேத்தில் கடைவோம். குழாயைத் தட்டு வைத்து முதலிலேயே கூண்டில் கட்டுவோம். படத்தை வேலை தொடங்கும் முன் அப்பாவிடம் காட்டி, எது சரியில்லை என்று கேட்டுத் திருத்திக்கொண்டோம். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டோம். பூச்சு வேலைக்கு அவரே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். என்னைச் சேர்க்க வந்த அன்று வெளி கேட்டிலேயே நின்றுகொண்டவர் அவர். இந்த முறை கரணையும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு நம் ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே வரப்போகிறார். அன்றைக்கு நீங்களும் வாருங்கள். படகு மிதக்கிறதா, சொன்னபடி திரும்புகிறதா என்று எல்லோரும் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு